தேசியப் பாதுகாப்புப் பணிக்குப் போகும் பாதை எது? கே. சுப்ரமணியத்தை முன்வைத்து ஒரு விரிவான பதில்

நாங்குநேரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பட்டப்படிப்பை முடித்துவிட்டுக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாராம். அவர் கேள்வி சுருக்கமாக இதுதான்: "தேசியப் பாதுகாப்பில் உச்சத்துக்குப் போன அதிகாரிகளின் வாழ்க்கை எங்கே தொடங்கி எப்படிப் போகிறது? ஐ.பி.எஸ். ஆகி உளவுத்துறைக்குப் போவதுதான் ஒரே வழியா அண்ணாச்சி? நம்ம பக்கத்துப் பிள்ளைக்கு டெல்லியில் அதற்கெல்லாம் இடம் கிடைக்குமா?"

மத்திய அரசுப் பணியில் டெல்லியில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையோடு வந்துவிட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே வழி என்று எதுவும் இல்லை. இடமும் உண்டு. ஆனால் அந்த வேலையைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகள் மனதில் வைத்திருக்கிற படம் பெரும்பாலும் தப்பு. மாறுவேடம், துப்பாக்கி, நள்ளிரவு விமானம் இதெல்லாம் அந்த உலகத்தில் கொஞ்சம் இருக்கலாம். முக்கால்வாசி வேலை மேசைக்கு முன்னால் நடப்பது. சிதறிக் கிடக்கும் செய்திகளைச் சேர்ப்பது, யோசிப்பது, எழுதுவது, கேட்க விருப்பம் இல்லாதவர் முன்னால் அதை எடுத்து வைப்பது. அவ்வளவுதான். அந்த அவ்வளவைச் செய்யத்தான் ஆள் கிடைப்பதில்லை.

முதலில் வழியைப் பார்த்துவிடுவோம். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் என்ற பதவி 1998-ல் வந்தது. பொக்ரானில் அந்த மே மாதம் அணுகுண்டுச் சோதனை நடந்தது, நவம்பரில் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலை அமைத்தார்கள். அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். பிரஜேஷ் மிஸ்ரா, ஜே.என். தீட்சித், சிவசங்கர் மேனன் மூவரும் வெளியுறவுப் பணியில் வந்தவர்கள். எம்.கே. நாராயணன், அஜித் தோவல் இருவரும் போலீஸ் பணியில் வந்து உளவுத்துறையில் ஊறியவர்கள். நாராயணன் 1955-ல் பணிக்கு வந்தவர், நம்ம சென்னை மாகாண கேடர் (பணிக்கு ஒதுக்கிய மாநிலத்தைக் கேடர் என்பார்கள்), லயோலா கல்லூரியில் படித்தவர். தோவல் 1968-ல் வந்தவர், கேரள கேடர். ஆக வெளியுறவுப் பணிக்கும் போலீஸ் பணிக்கும் சமமாகவே கதவு திறந்திருக்கிறது.

ஐ.ஏ.எஸ்.? ஆலோசகர் நாற்காலிக்கு இதுவரை யாரும் வரவில்லை. ஆனால் இந்த நாட்டின் பாதுகாப்புச் சிந்தனையை உருவாக்கியவர் யார் என்று டெல்லியில் கேட்டால் பலரும் முதலில் சொல்லும் பெயர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியுடையது, அவரும் தமிழர். கே. சுப்ரமணியம். இப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா என்று சொன்னால்தான் நம்ம ஊரில் பலருக்கு அடையாளம் தெரிகிறது, எனக்கு அதில் வருத்தம்தான். உங்கள் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையை விட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அதனால் அதையே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1929 ஜனவரியில் திருச்சியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தார். 1951-ல் ஐ.ஏ.எஸ்., சென்னை மாகாண கேடர். முசோரி அகாதமி எல்லாம் அப்போது கிடையாது, அது 1959-ல் வந்தது. டெல்லி மெட்காஃப் ஹவுஸில்தான் பயிற்சி. அப்புறம் மற்ற எல்லாரையும் போல மாவட்ட வேலை. நிலவரி, சட்டம் ஒழுங்கு, தாசில்தார் கொண்டுவரும் கட்டுகள். கொஞ்ச காலத்துக்கெல்லாம் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் போய்விட்டார். 1962-ல் சீனாவிடம் பட்ட அடி, 1964 அக்டோபரில் சீனாவின் முதல் அணுகுண்டு, 1965-ல் பாகிஸ்தானோடு போர். இந்த மூன்றும் அவர் தலைமுறை அதிகாரிகளைப் புரட்டிப் போட்டவை. பலர் அதைக் கடந்து போனார்கள். இவர் கடக்கவில்லை. இந்தியா அணு ஆயுதம் பற்றிக் கண்ணைத் திறந்துகொண்டு யோசிக்க வேண்டும் என்று அப்போது பிடித்த பிடியைக் கடைசிவரை விடவில்லை. நடுவில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஒரு வருஷம் இருந்து பாதுகாப்பு ஆய்வில் பயிற்சி எடுத்தார்.

1968-ல் அவரை டெல்லியில் இருந்த பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராகப் போட்டார்கள். ஐ.டி.எஸ்.ஏ. என்பார்கள், இன்றைக்கு அது மனோகர் பாரிக்கர் பெயரில் இருக்கிறது. அப்போது அது பிறந்து மூன்று வருஷம்கூட நிறையவில்லை. 39 வயது ஐ.ஏ.எஸ். அதிகாரி கையில் ஒரு நூலகத்தையும் சில ஆய்வாளர்களையும் கொடுத்தால் என்ன நினைப்பான்? மாவட்டம் இல்லை, இலாகா இல்லை, உத்தரவு போட ஆள் இல்லை. அரசு அலுவலகப் பேச்சில் சொன்னால் ஓரங்கட்டிய இடம். அவர் அந்த இடத்தை வைத்துக்கொண்டு நாட்டையே பேச வைத்தார். அதுவரை பாதுகாப்பு என்றால் அமைச்சரும் ஜெனரல்களும் பூட்டிய அறையில் பேசிக்கொள்ளும் சங்கதி. சுப்ரமணியம் பத்திரிகையில் எழுதினார், கருத்தரங்கில் வாதாடினார், இளம் ஆய்வாளர்களை உட்கார வைத்து எழுதப் பழக்கினார். அதே 1968-ல் உலக நாடுகள் கையெழுத்துக்கு வைத்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை இந்தியா ஏன் ஏற்கக் கூடாது என்று வாதாடியதில் முன்வரிசையில் நின்றார்.

1971-ஐச் சொல்லாமல் இவரைப் பற்றிப் பேச முடியாது. மார்ச் மாதம் கிழக்கு பாகிஸ்தானில் ராணுவம் மக்கள் மேல் பாய்ந்தது. அகதிகள் எல்லை தாண்டி வரத் தொடங்கினார்கள். பாகிஸ்தான் உடைவது இந்தியாவுக்கு நல்லது, இந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது என்று ஒரு கருத்தரங்கில் வெளிப்படையாகவே பேசினார். ஓர் அரசு அதிகாரி அப்படிப் பேசியது அன்று பெரிய பரபரப்பு, பாகிஸ்தான்காரர்கள் பல காலம் அதை மேற்கோள் காட்டினார்கள். சீக்கிரம் இறங்க வேண்டும் என்பது அவர் வாதம். படைத் தலைமை ஆயத்தத்துக்குக் காலம் கேட்டது. போர் டிசம்பரில்தான் வந்தது. எப்போது இறங்குவது என்பதில் அவர் சொன்னபடி நடக்கவில்லை, எங்கே போய் முடியும் என்பதில் அவர் சொன்னதுதான் நடந்தது. ஆலோசனை சொல்கிறவனுக்குப் பாதிதான் கிடைக்கும் என்பதை ஒத்துக்கொள்ள முடியாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ல், தமிழ்நாட்டுக்குத் திரும்பி உள்துறைச் செயலாளராக இருந்தார். அப்புறம் மறுபடி டெல்லி, கூட்டு உளவுக் குழுவின் தலைவர். இந்தக் குழுவை ஜே.ஐ.சி. என்பார்கள். இதன் வேலையைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள் தம்பி, பின்னால் தேவைப்படும். உள்நாட்டு உளவை ஐ.பி. பார்க்கிறது. வெளிநாட்டு உளவை, 1968-ல் ஆர்.என். காவ் தொடங்கி வைத்த 'ரா' பார்க்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றுக்கும் சொந்த உளவுப் பிரிவு இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் கைக்கு வந்ததை மேலே அனுப்புவார்கள். எல்லாவற்றையும் ஒரே மேசையில் போட்டு, எது உண்மை, எது ஒன்றோடொன்று ஒட்டுகிறது, நாளைக்கு என்ன நடக்கலாம் என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டிய இடம்தான் ஜே.ஐ.சி. அங்கே ஆள் பலமும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், கொடுக்காவிட்டால் கேட்டு நிற்க வேண்டும். இரண்டு வருஷம் அங்கே இருந்தார்.

1979-ல் பாதுகாப்பு உற்பத்திச் செயலாளர். இந்தியாவின் ஆயுதத் தொழிற்சாலைகள் எல்லாம் அந்தச் செயலாளர் கையில். அம்பது வயதில் அந்த இடம் என்றால் அமைச்சரவைச் செயலாளர் வரை போவார் என்று யாரும் நினைப்பார்கள். 1980-ல் ஆட்சி மாறியது. இந்திரா காந்தி திரும்ப வந்ததும் முதலில் நீக்கிய செயலாளர் தன் அப்பாதான் என்று ஜெய்சங்கர் 2023-ல் ஒரு பேட்டியில் சொன்னார். பிறகு செயலாளர் பதவி கிடைக்கவே இல்லை, தனக்கு இளையவர் தன்னைத் தாண்டி அமைச்சரவைச் செயலாளர் ஆனதையும் அவர் பார்க்க வேண்டி வந்தது என்றும் அதே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

சரி, எங்கே போட்டார்கள்? அதே ஐ.டி.எஸ்.ஏ.-வுக்கு, இரண்டாம் முறையாக. 1987-ல் ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

நான் டெல்லியில் பார்த்த அதிகாரிகளில் இந்த மாதிரி ஓர் இறக்கத்துக்குப் பிறகு மனம் கசந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களாக மாறியவர்கள் நிறைய. நல்ல மூளைகள் அப்படி வீணாவதைப் பார்க்க வயிறு எரியும். சுப்ரமணியம் அந்த ஏழு வருஷத்தில்தான் நாடறிந்த ஆளானார். அணு ஆயுதத்தைக் காட்டி எதிரியைத் தடுத்து வைப்பது பற்றிய ஐ.நா. ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஓய்வுக்குப் பிறகு பத்திரிகைகளில் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதியது எல்லாம் எல்லாருக்கும் பிடித்தது என்று இல்லை. 1996-ல் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை எதிர்த்தபோது அமெரிக்காவுக்கு எதிரி என்றார்கள், 2005-ல் அமெரிக்காவோடு அணுசக்தி உடன்பாட்டை ஆதரித்தபோது அமெரிக்காவின் ஆள் என்றார்கள். உலகம் மாறினால் கணக்கையும் திரும்பப் போட வேண்டும் என்பதுதான் அவர் நிலை.

இந்தக் காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1984 ஆகஸ்டில் சண்டிகரில் இருந்து ஸ்ரீநகர் போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்தினார்கள். லாகூர், கராச்சி, கடைசியில் துபாய். பயணிகளில் ஒருவர் சுப்ரமணியம். இந்தப் பக்கம், டெல்லியில் அந்தக் கடத்தலைக் கையாண்ட குழுவில் இருந்த இளம் வெளியுறவு அதிகாரி அவர் மகன். மனைவி அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு வர முடியாது, கடத்தல் நடந்திருக்கிறது என்று வீட்டுக்குப் போன் செய்து சொன்னதாகவும், சில மணி நேரம் கழித்துத்தான் அப்பாவும் அதில் இருப்பது தெரிந்ததாகவும் ஜெய்சங்கர் 2024-ல் ஜெனிவாவில் சொன்னார். அரசாங்கத்தின் பக்கமும் தெரியும், கடத்தல்காரர்களுக்கு இறங்கிப் போகச் சொல்லி அழுத்தம் கொடுக்கும் குடும்பங்களின் பக்கமும் தெரியும் என்றார். துபாயில் கடத்தல்காரர்கள் சரணடைந்தார்கள், பயணிகள் பத்திரமாகத் திரும்பினார்கள். கடத்தல் செய்தியைக் கேட்டு "கடுமையாக நடவடிக்கை எடுக்க வேண்டியதுதானே" என்று டீக்கடையில் சொல்வது சுலபம். தன் அப்பா உள்ளே இருக்கும்போது கோப்பைப் பார்த்து யோசிப்பது வேறு.

1998 சோதனைக்குப் பிறகு தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்துக்கு இவரைத் தலைவராக்கினார்கள். வயது எழுபதை நெருங்கிவிட்டது. இந்தியாவின் அணுக் கொள்கை வரைவை அந்த வாரியம்தான் எழுதியது. 1999 ஆகஸ்ட் 17-ல் அது வெளியானது. அதன் உயிர்நாடி இரண்டு வாக்கியத்தில் அடங்கும். நாம் முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம். நம்மை யாராவது தாக்கினால் திருப்பி அடிக்கும் பலம் நம்மிடம் கட்டாயம் மிச்சம் இருக்கும்.

இந்த இரண்டாவது வாக்கியத்துக்கும் உங்கள் ஊருக்கும் சம்பந்தம் இருக்கிறது தம்பி. நாங்குநேரியில் இருந்து வள்ளியூருக்கு ராத்திரி பஸ்ஸில் போகும்போது கிழக்கே இருட்டில் சிவப்பு விளக்குகள் அடுக்கடுக்காக உயரத்தில் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். விஜயநாராயணம் கடற்படைத் தளத்தின் கோபுரங்கள். ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயர். 1990 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார், 2014-ல் விரிவாக்கினார்கள். மிக உயரமான கோபுரங்கள் 470 மீட்டரை ஒட்டி வரும். நம்ம பக்கத்து ஜனங்கள் அதை 'டவர்' என்று சொல்லிவிட்டுக் கடந்து போவோம்.

கடலுக்குள் முங்கிக் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சாதாரண ரேடியோ போய்ச் சேராது, உப்புத் தண்ணீர் அதை விழுங்கிவிடும். மிகக் குறைந்த அதிர்வெண் அலை மட்டும் தண்ணீருக்குள் சில மீட்டர் ஆழம்வரை இறங்கும். அந்த அலையின் நீளம் கிலோமீட்டர் கணக்கில் இருப்பதால்தான் அத்தனை உயரமான கோபுரமும் அத்தனை விரிந்த நிலமும். இங்கிருந்து செய்தி போகும், கப்பல் வாங்கிக்கொள்ளும், பதில் பேச வெளியே தலைகாட்ட வேண்டியதில்லை. முதலில் அடிக்க மாட்டேன் என்று சொல்லும் நாடு, எதிரியின் முதல் அடியில் அழியாத இடத்தில் தன் பலத்தை வைக்க வேண்டும். கடலடிதான் அந்த இடம். அரிஹந்த் அணுசக்தி நீர்மூழ்கி தன் முதல் காவல் உலாவை முடித்துவிட்டது என்று 2018 நவம்பரில் பிரதமர் அறிவித்தார். விஜயநாராயணம் நிலையம் அணுக் கொள்கை எழுதப்படுவதற்கு முன்பே வந்தது, எல்லா நீர்மூழ்கிகளுக்கும் பொதுவானது. ஆனாலும் டெல்லியில் காகிதத்தில் எழுதிய ஒரு கொள்கை செயலாவதற்கு நாங்குநேரி தாலுகாவில் ஒரு கம்பம் நிற்க வேண்டியிருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மண்ணின் மேல் ஒரு கர்வம் வரத்தான் செய்கிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கூடங்குளம் வேறு, இது வேறு. கூடங்குளம் 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் போட்ட உடன்பாட்டில் வந்த மின் நிலையம், சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருப்பது, ஆயுதத்தோடு தொடர்பு இல்லாதது. அதை எதிர்த்து இடிந்தகரையில் உட்கார்ந்த மக்களின் பயம் தங்கள் உயிரையும் கடலையும் பற்றியது. அதைத் தேசத்துக்கு எதிரான காரியம் என்று சொன்னவர்களோடு எனக்கு அன்றும் உடன்பாடு இல்லை, இன்றும் இல்லை. நாளைக்கு நீங்கள் இந்த வேலைக்குப் போனால், கேள்வி கேட்கும் மக்களையும் எதிரியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவராகப் போங்கள்.

இப்போது கார்கில். என் கணக்கில் சுப்ரமணியத்தின் வாழ்க்கையில் பெரிய வேலை இதுதான்.

1999 மே மாதம் கார்கில் மலை உச்சிகளில் ஊடுருவியவர்களை முதலில் பார்த்துச் சொன்னது ஆடு மேய்க்கிறவர்கள். ஜூலைக் கடைசியில் போர் முடிந்ததும், எப்படி இது நமக்குத் தெரியாமல் போனது என்று ஆராய நான்கு பேர் குழு போட்டார்கள். தலைவர் சுப்ரமணியம். கூட லெப்டினன்ட் ஜெனரல் கே.கே. ஹசாரி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், செயலாளராக சதீஷ் சந்திரா. அதிகாரிகள் முதல் முன்னாள் பிரதமர்கள் வரை நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் பேசினார்கள். சம்மன் அனுப்பும் சட்ட அதிகாரம் குழுவுக்குக் கிடையாது, கூப்பிட்டு வந்தவர்களிடம்தான் கேட்டார்கள். சில மாதங்களில் முடித்துவிட்டார்கள். 2000 பிப்ரவரியில், சில பகுதிகளை மறைத்து, நாடாளுமன்றத்தில் வைத்தார்கள்.

அதில் ஓர் இடத்தை என்னால் மறக்க முடியாது. போருக்கு ஒரு வருஷம் முன்பே, 1998 ஜூனில், எல்லைக்கு அந்தப் பக்கம் நடக்கும் நடமாட்டம் பற்றி ஐ.பி. இயக்குநர் ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார். பிரதமருக்குப் போயிருக்கிறது, உள்துறை அமைச்சருக்குப் போயிருக்கிறது, இன்னும் சிலருக்கும் போயிருக்கிறது. ஆனால் அதை வைத்து வேலை செய்ய வேண்டிய மூன்று பேர், அதாவது 'ரா' தலைவர், ஜே.ஐ.சி. தலைவர், ராணுவ உளவுத் தலைவர், மூவருக்கும் நேராகப் போகவில்லை. செய்தி இருந்தது. சேர வேண்டிய மேசைக்குச் சேரவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த ஜே.ஐ.சி. நாற்காலியில் உட்கார்ந்து, யார் எதைக் கொடுக்கிறார்கள், யார் எதைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தவர் சுப்ரமணியம். அதனால்தான் எந்த இடத்தில் விரலை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. குழு தனிமனிதர்கள் மேல் பழி சுமத்துவதில் இறங்கவில்லை. சுதந்திரத்தின்போது பிரிட்டிஷ்காரர்கள் வகுத்துக் கொடுத்த பாதுகாப்பு நிர்வாகத்தை அரை நூற்றாண்டாகத் தொடாமலே வைத்திருக்கிறோம் என்று எழுதியது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவி பிரதமரின் முதன்மைச் செயலாளருக்குக் கூடுதல் பொறுப்பாக இருக்கக் கூடாது, முழுநேரப் பதவியாக வேண்டும் என்றது. பிரஜேஷ் மிஸ்ரா அப்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவைப் போட்ட அரசாங்கத்தின் மிகச் செல்வாக்கான மனிதரைப் பற்றி அதே அரசாங்கத்திடம் அப்படி எழுதிக் கொடுக்க நெஞ்சுரம் வேண்டும்.

அந்த அறிக்கையின் மேல் அமைச்சர்கள் குழு உட்கார்ந்தது. 2002-ல் பாதுகாப்பு உளவு முகமை வந்தது. 2004-ல் தொழில்நுட்ப உளவுக்கென்று என்.டி.ஆர்.ஓ. வந்தது. முப்படைக்கும் ஒரே தலைமைத் தளபதி வேண்டும் என்று அமைச்சர்கள் குழு 2001-ல் சொன்னது 2020 ஜனவரியில்தான் பிபின் ராவத் பொறுப்பேற்றபோது நடந்தது. சுப்ரமணியம் அதைப் பார்க்க இல்லை. 2011 பிப்ரவரியில் டெல்லியில் காலமாகிவிட்டார்.

1999-ல் பத்ம பூஷண் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசாங்கத்திடம் விருது வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் இரண்டுமாக இருந்தவர்.

சரி, இதெல்லாம் எதற்கு இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், எந்தப் பணி எடுக்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. உளவுத்துறைக்கே போக வேண்டும் என்று மனம் சொன்னால் ஐ.பி.எஸ். எடுங்கள். முதல் சில வருஷ வேலையைப் பார்த்து ஐ.பி. தனக்கு வேண்டியவர்களைக் குறித்துவைத்து அழைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அயல்நாடுகளைப் படிப்பதில் ஆர்வம் என்றால் வெளியுறவுப் பணி. மாவட்டத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பாதுகாப்பு அமைச்சகம், உள்துறை என்று போவது ஐ.ஏ.எஸ். வழி. 'ரா'வுக்குள்ளும் போலீஸ் பணியில் இருந்து போய்ப் பெயர் எடுத்த தமிழர்கள் உண்டு. பி. ராமன் 1961-ல் ஐ.பி.எஸ்., மத்தியப் பிரதேச கேடர், பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்து 1994-ல் ஓய்வு பெற்றார். பிறகு சென்னையில் இருந்துகொண்டு கடைசிக் காலம்வரை எழுதினார். புற்றுநோயோடு போராடிய நாட்களிலும் அவர் எழுத்து நிற்கவில்லை. டெல்லியில் தமிழனுக்கு இடம் உண்டா என்ற சந்தேகத்தை இவர்களைப் பார்த்தாவது விடுங்கள். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், நேர்காணலையும் தமிழில் கொடுக்கலாம். ஆனால் வேலைக்குப் போன பிறகு ஆங்கிலத்தில் சுருக்கமாக, தெளிவாக எழுதத் தெரியாமல் இந்தத் துறையில் ஒரு படிகூட ஏற முடியாது. இந்தியும் பழகிக்கொள்ளுங்கள். இதில் அரசியல் எதுவும் பேசவில்லை, கோப்பு அந்த மொழிகளில்தான் வருகிறது.

மாவட்ட வேலையை வெறும் படிக்கட்டு என்று நினைக்காதீர்கள். 2008 நவம்பரில் மும்பைக்கு வந்தவர்கள் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைக் கடத்தித்தான் வந்தார்கள். கரையில் இறங்கியபோது அவர்களைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டவர்களும் மீனவர்கள்தான். கார்கிலில் ஆடு மேய்ப்பவர், மும்பையில் மீனவர். அதற்குப் பிறகுதான் கடலோரம் எங்கும் மீனவர்களுக்கு அடையாள அட்டை, கடலோரக் காவல் குழும ஒத்திகை எல்லாம் வேகம் பிடித்தது. உவரியிலும் கூத்தங்குழியிலும் கூட்டப்புளியிலும் ஒத்திகை நாளில் போலீஸ்காரர்கள் கரையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒத்திகை இல்லாத நாளில், கடலில் தெரியாத படகு ஒன்றைப் பார்த்த மீனவர் தயங்காமல் ஸ்டேஷனுக்குப் போன் போடுவாரா? போட்டால் மறுமுனையில் மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்வார்களா, அல்லது அவரையே நாலு கேள்வி கேட்டு அலைய விடுவார்களா? டீசல் மானியத்துக்கு நடையாய் நடக்க வைத்த அதே அரசாங்கத்தை அவர் எந்த முகத்தோடு நம்புவார்? இந்தக் கேள்விக்குப் பதில் டெல்லியில் கிடைக்காது, ராதாபுரம் தாலுகாவில்தான் கிடைக்கும். சார் ஆட்சியராகவோ உதவி எஸ்.பி.யாகவோ இருக்கும் இரண்டு வருஷத்தில் இதைக் கற்றுக்கொண்டவன் பின்னால் எந்த உயரத்துக்குப் போனாலும் நன்றாக வேலை செய்வான்.

படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்கென்று தனிப் பட்டம் கட்டாயம் இல்லை. சுப்ரமணியம் படித்தது வேதியியல். ஆனால் விருப்பம் இருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வுத் துறை இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கார்கில் மறுஆய்வுக் குழு அறிக்கை புத்தகமாக வெளிவந்தது, நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் கடைசியில் இருக்கும் பரிந்துரைகளைப் படியுங்கள், அப்புறம் உளவு பற்றிய அத்தியாயம். படித்து முடித்த பிறகு நம்ம மாவட்டக் கடற்கரையை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். உவரி தொடங்கி கூட்டப்புளி வரை, சந்தேகமான ஒரு படகைப் பற்றிய செய்தி மீனவர் வாயில் இருந்து ஆட்சியர் மேசைக்கு வர எத்தனை கை மாறுகிறது, எந்தக் கையில் நிற்க வாய்ப்பு அதிகம், ஏன். கரைக்குப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு எழுதுங்கள், பேப்பரைப் பார்த்து எழுதாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதியதும் எனக்கு அனுப்புங்கள் தம்பி, வாசித்துத் திருத்தித் தருகிறேன்.